இறக்கையில் காயாத பூச்சு

அன்று மழை பெய்ததா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. பெய்ததாகத்தான் நினைவு. ஆனால் அந்த விமானப் பராமரிப்புக் கூடத்தின் தகரக் கூரைக்கு அடியில் எல்லா நாளும் மழை நாள் போலத்தான் இரைச்சல். பேச்சுகளில் ஒன்றிரண்டு இடம் மாறியிருக்கலாம். கண்ணாடி காணாமல் போனது மட்டும் நிச்சயம்.

காலை ஏழு மணி, கருவிகளைச் சரிபார்க்கும் நேரம். பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு குழி உண்டு. எடுப்பவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அங்கே மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அன்று ஒரு குழி காலி. பல் டாக்டர் வாய்க்குள் விடுவாரே, அது போன்ற சிறிய கண்ணாடி இருக்க வேண்டிய இடம். அதில், சின்னவள் என்று நாங்கள் கூப்பிடும் இளம் மெக்கானிக்கின் வில்லை தொங்கியது.

"நேத்து சாயங்காலமே திருப்பி வெச்சுட்டேன். வில்லையையும் எடுத்து ஓவரால் பையில போட்டுட்டேன்," என்றாள் சின்னவள்.

கேமரா பொருத்திய கம்பியை, எரிபொருள் ஊற்றும் வாய் வழியாக, இடது இறக்கையின் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி உள்ளே கிடந்தது. அந்தத் தொட்டியின் மூடியை முந்தின மாலை மூடி, கசியாமலிருக்க ஓரமெல்லாம் சீலன்ட் பூசியவளும் அவள்தான்.

அடுத்த வாரம் அவள் குழுத் தலைவியாக வேண்டியவள். பறக்கப் போகும் விமானத்தின் தொட்டிக்குள் கருவியை விட்டவளுக்குப் பதவி இல்லை, உரிமமும் போகும்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க மேடம்," என்றார் மேனேஜர்.

தர ஆய்வாளரான மேடம் பதில் சொல்லவில்லை. அவருடைய முறையே அதுதான். ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்த பிறகும் பேசாமல் இருப்பார். அதைத் தாங்க முடியாமல் ஆட்கள் மேற்கொண்டு பேசுவார்கள்.

முதலில் இரவுக் காவல் மெக்கானிக். கூடத்தில் அவனுக்குக் கும்பகர்ணன் என்று பெயர்.

"ராத்திரி யாராவது இந்தப் பக்கம் வந்தாங்களா?"

"இல்ல மேடம்."

மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

"வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மேடம் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்தார்.

"தெரிஞ்சிருக்காது மேடம். கொஞ்சம் கண்ணசந்துட்டேன். மாமா வந்து எழுப்பற வரைக்கும். தினமும் விடியறப்பவே வந்துடுவாரு. அவர்தான் என் அலாரம்."

மாமா என்பது சின்னவளின் அக்கா வீட்டுக்காரர். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அவள் 'மாமா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூடம் முழுக்க அவர் மாமாவாகிவிட்டார்.

"சின்னப் பொண்ணு மேடம். ஏதோ ஞாபகத்துல விட்டிருப்பா. பெரிய மனசு பண்ணி விட்ருங்க," என்றார் மாமா.

"மாமா! நான் செய்யவே இல்லைங்கறேன், நீங்க பாட்டுக்கு மன்னிப்பு கேக்கறீங்க!"

"கோபப்படாதே பாப்பா. பணிஞ்சு போனா பாதி தண்டனையோட விடுவாங்க."

மேடம் இறக்கையின் கீழே போய் நின்றார். மூடியின் பக்கத்தில் சின்னவள் தொங்கவிட்டிருந்த தகரத் துண்டு. அதில் ஒரு துளி சீலன்ட்.

சீலன்ட் என்பது இரண்டு பசைகளைக் கலந்து செய்வது. கலக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துளியை வேறெங்காவது ஒட்டி வைப்பார்கள். பூசிய ஓரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. துளியை நகத்தால் அழுத்திப் பார்த்தால் போதும். துளி இறுகினால் பூச்சும் இறுகிவிட்டது. துளி வைக்க ஆளுக்கோர் இடம். சின்னவளுக்குத் தகரத் துண்டு, கும்பகர்ணனுக்கு நாற்காலிக் கால், மாமாவுக்குத் தன் கருவிப்பெட்டி மூடியின் உட்புறம். "அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு" என்று அதைக் கேலி செய்யாதவர் இல்லை.

சின்னவளின் துளி கல்லாக இறுகியிருந்தது. காலையில் வந்ததும் மேடமே அழுத்திப் பார்த்ததுதான். இத்தனை வருடமாகத் துளியைத்தானே தொட்டிருக்கிறோம், மூடியை எப்போது தொட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. பிறகு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, மூடியின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"ஐயோ மேடம், தொடக் கூடாது!" என்று மேனேஜர் பதறினார்.

விரல் மெத்தென்று உள்ளே பதிந்தது.

"துளி காஞ்சிருக்கு. பூச்சு காயலை," என்றார் மேடம். "ஒரே கலவையா இருந்தா அப்படி இருக்காது. இவ மூடினதுக்கப்புறம் யாரோ மூடியைத் திறந்து, கண்ணாடியைப் போட்டு, புதுசா கலக்கிப் பூசியிருக்காங்க."

"யாரு?" என்றார் மேனேஜர்.

மேடம் நடந்துபோய் நின்றது மாமாவின் கருவிப்பெட்டி முன்னால்.

"திறங்க."

மாமா திறக்கவில்லை. சின்னவள் திறந்தாள். மூடியின் உட்புறம் முழுக்க வருடக் கணக்கான பழுப்புத் துளிகள். ஓரத்தில் ஒன்று மட்டும் பளபளத்தது. மேடம் தொட்டார்; பசை கையுறையோடு நூலாக வந்தது.

"நேத்து நீங்க சீலன்ட் வேலையே பார்க்கலை. வில்லை லாக்கர் அறையில தொங்கின இவளோட ஓவரால் பையிலேருந்து வந்திருக்கு. அதெல்லாம் புரியுது. எப்படியும் இன்னைக்குத் திறக்கப் போற மூடி. அதுக்கு எதுக்குத் துளி வெச்சீங்க?"

இந்த முறை நெடுநேரம் பேசாமலிருந்தவர் மாமா.

"தெரியலை மேடம். கலக்கினா வைக்கணும். கை தானா போயிடுச்சு."

"ஏன் மாமா?" என்றாள் சின்னவள்.

"வீட்டுல நீ பாப்பா. இங்க அடுத்த வாரத்துலேருந்து உனக்கு நான் 'சரிங்க மேடம்' சொல்லணும். சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னாடி நின்னு. வாய் வரலை."

"நானா சொல்லச் சொன்னேன்? இப்ப அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார்.

மாமாவின் உரிமம் ரத்தானது. இப்போது ஒரு பஸ் பணிமனையில் பிரேக் வேலை பார்க்கிறார். நன்றாகச் செய்கிறார் என்று கேள்வி. கும்பகர்ணனைப் பகல் வேலைக்கு மாற்றினார்கள், பகலிலும் தூங்குகிறான். துளியோடு மூடியின் ஓரத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். சின்னவள் குழுத் தலைவியானாள். அக்கா ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. இப்போது வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.