கீழ்க் குழாயில் ஒரு பிடி

வெயில் தணியாத பிற்பகலில் சின்னவன் அப்பாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தோளில் ஸ்பானர் பை. கக்கத்தில், செய்தித்தாளில் சுற்றிய புது ரப்பர் குழாய்கள்.

வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட பழைய பட்டறை. அண்ணன் பெரியவன் காய்ச்சலில் செத்துப்போன நாளிலிருந்து அதன் கதவை யாரும் முழுதாகத் திறந்ததில்லை. உள்ளே அப்பாவின் கார் மட்டும் நின்றது. அதன் மூக்குக்குக் கீழே, தரையில் பச்சையாக ஒரு குட்டை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டின் தித்திப்பு வாடை மூடிய இடத்தில் ஊறி, அழுகத் தொடங்கிய பழம்போலக் கனத்தது.

வாசலில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? ரேடியேட்டரோட கீழ்க் குழாய்தான் ஒழுகுது. அதை மட்டும் மாத்து. மத்ததெல்லாம் பெரியவன் போட்டது, கையே வைக்காத."

வந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் வரவில்லை. பெரியவன் புராணம் வந்துவிட்டது.

"சரிப்பா" என்றான்.

அவன் கடைத்தெருவில் தனிக் கடை போட்டுப் பல வருஷம் ஆகிறது. அங்கேயும், "பெரியவரோட தம்பிதானே நீங்க?" என்று உறுதி செய்துகொண்டுதான் வண்டியை விடுவார்கள். முகத்துக்கு நேரே பிள்ளைகளைப் புகழ்வது குடும்பத்துக்கு அழகல்ல என்பது அப்பாவின் கொள்கை. அந்தக் கொள்கை பெரியவன் விஷயத்தில் மட்டும் நீர்த்துப் போகும். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மூத்த பிள்ளையின் கையைப் பற்றிச் சொல்லுவார். 'நல்லா செஞ்சிருக்கடா' என்று சின்னவனிடம் ஒரு தடவை சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லை வாங்கிவிடுவது என்றுதான் அவன் இன்று கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான்.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுக்கிறான் என்று கூடப் பிறந்தவனை நினைப்பது அசிங்கம். அது அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன, வயிறு எரியத்தான் எரிந்தது.

பானட்டைத் தூக்கினான். ஒழுகிய குழாயைக் கழற்றினான். அதோடு நிறுத்தவில்லை. கத்தியை எடுத்து மேல் குழாயை அறுத்தான். பக்கத்துச் சின்னக் குழாய்களையும் அறுத்தான். இந்த வண்டியில் அண்ணன் கை பட்ட ரப்பர் ஒரு விரற்கடைகூட மிஞ்சக் கூடாது.

டீயோடு வந்த அண்ணி, பெரியவனின் மனைவி, தரையில் கிடந்த துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தாள். வளைத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"நல்லா இருக்கறதையும் ஏன் தம்பி அறுக்கறீங்க?"

"பழசு அண்ணி. என்னிக்கு வெடிக்கும்னு சொல்ல முடியாது."

"உங்களுக்கு எது தெரியுதோ இல்லையோ, பொய் சொல்லத் தெரியல" என்றாள். துண்டை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதுக் குழாய்களை மாட்டி, கிளிப்புகளை இறுக்கி, ரேடியேட்டரில் கூலண்டை ஊற்றினான். இனி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அது இரண்டு பேர் வேலை. எஞ்சினை ஓடவிட்டு, ஒருவன் கீழ்க் குழாயைப் பிசைய வேண்டும். மற்றவன் மேலே ரேடியேட்டர் வாயில் குமிழி வருவதைப் பார்த்து, இறங்க இறங்க ஊற்ற வேண்டும். சின்ன வயதிலிருந்து பிசைவது பெரியவன். ஊற்றுவது சின்னவன். குமிழி நின்றதும் "போதும்ண்ணே" என்று சொல்வதுதான் அவனுக்கு வாய்த்த உத்தியோகம்.

இன்று எல்லாம் அவனே. முதலில் மேலே ஊற்றிவிட்டு, பிறகு கீழே படுத்துப் பிசையலாம் என்று எஞ்சினைக் கிளப்பினான். மூடி திறந்த ரேடியேட்டரின் வாயருகே நின்று ஊற்றினான்.

குமிழி வந்தது.

நல்லது, தானாகவே வெளியேறுகிறது என்று நினைத்தான். இன்னும் ஊற்றினான். இரண்டு சின்னக் குமிழி, பிறகு ஒரு பெரிய குமிழி. சற்று இடைவெளி. மறுபடியும் இரண்டு சின்னது, ஒரு பெரியது. கை பழகிய தாளத்தில் ஊற்றிக்கொண்டே போனது. மட்டம் நின்றது. வாய் பழகிய சொல்லைச் சொல்லியது.

"போதும்ண்ணே."

குமிழி நின்றது.

தகரக் கூரை வெயிலில் ஒரு முறை நெட்டி முறித்து அடங்கியது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மெல்ல மண்டியிட்டு டார்ச்சை அடித்தான். காருக்கு அடியில் யாரும் இல்லை. ஈரத் தரை. ஆனால் புதுக் கீழ்க் குழாயின் நடுவில் நான்கு பள்ளங்கள். அவன் பார்க்கப் பார்க்க, அவை ஒவ்வொன்றாக உப்பி மேலே எழுந்து சமமாயின. யாரோ விரல்களை எடுப்பதுபோல.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

"இதுலயுமா வந்து கை வைக்கற?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான். "இது நான் செஞ்ச வேலை. நான் மட்டும் செஞ்சது."

குழாய் அவன் கண்ணெதிரே ஒரு தரம் நசுங்கி விரிந்தது.

"என்னடா, முடிஞ்சுதா?" அப்பா கைத்தடியை ஊன்றி வந்து, கேட்காமலே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "எடு, ஒரு நடை போய்ட்டு வருவோம்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ரேடியேட்டரை மூடினான். வண்டியை எடுத்தான்.

தெரு தாண்டி, கிடங்குகளின் நீளமான மதில் ஓரமாகப் போகும் சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. வண்டி வெண்ணெயில் கத்திபோல ஓடியது. அப்பா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். அவர் முகம் இளகுவதைச் சின்னவன் ஓரக் கண்ணால் பார்த்தான்.

"ம். பரவால்லையே" என்றார்.

முள் அசைந்தது.

பாதியில் நின்ற வெப்ப முள் நிதானமாக ஏறிற்று. முக்கால். அதற்கும் மேலே. தித்திப்பு வாடை காருக்குள் நிறைந்தது. கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படர்ந்தது.

ஓரம் கட்டி, எஞ்சினை அணைக்காமல் இறங்கி ஓடி, துணியைச் சுற்றிய கையால் பானட்டைத் தூக்கினான். மேல் குழாய் வெடிக்கிறாற்போல் உப்பி நின்றது. கீழ்க் குழாய் நடுவில் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. தொட்டான். கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் அது பனிக்கட்டிபோலச் சில்லிட்டது.

"விடுண்ணே" என்றான்.

விடவில்லை.

"அப்பா உள்ள உக்காந்திருக்காரு. விடு."

பிடி இறுகியது. ரேடியேட்டர் மூடி சீறத் தொடங்கியது.

"என்னடா அங்க தனியாப் பேசற?" என்று உள்ளிருந்து அப்பாவின் குரல்.

சின்னவன் குழாய்க்குப் பக்கத்தில் குனிந்தான். இத்தனை வருஷம் சொல்லாததை, எந்த நாளும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை, காற்றுக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"உன் வேலைதாண்ணே. நான் தண்ணிதான் ஊத்தினேன்."

குழாய் பெருமூச்சு விட்டதுபோல விரிந்தது. சீறல் அடங்கியது.

திரும்பி வரும் வழியெல்லாம் முள் பாதியைத் தாண்டவில்லை. பட்டறைக்குள் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். சாவியை உருவிக்கொண்டான். அப்பா இறங்கவில்லை. கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, எதையோ சொல்லலாமா என்று யோசிப்பவர்போல இருந்தார்.

"டேய்."

"இறங்குங்கப்பா. உள்ள போலாம்."

"இரு. நான் வாய் திறந்து சொல்ற ஆள் இல்ல. இருந்தாலும் இன்னிக்கு..."

"வேணாம்ப்பா." சின்னவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "கும்பிட்டுக் கேக்கறேன். சொல்லாதீங்க. உங்களுக்குத் தோணினது தோணினதாவே இருக்கட்டும்."

அப்பா கையை உதறினார். அந்த வீட்டில் அவர் பேச்சை நடுவில் வெட்டியவர் யாரும் இல்லை.

"எனக்கே வாய்ப்பூட்டா? மனசுல பட்டதைச் சொல்லுவேன்டா நான். நடுவுல கொதிச்சது போகட்டும், எஞ்சின் இவ்வளவு சுத்தமா ஓடி நான் கேட்டதே இல்ல. உங்கண்ணனைவிட நல்லாவே செஞ்சிருக்க."

வாழ்நாளெல்லாம் காத்திருந்த சொல். அதைக் கேட்டவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

காரின் முன்பக்கத்திலிருந்து ரப்பர் நெறிபடும் சத்தம் வந்தது. வண்டியின் சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது. அணைந்து கிடந்த எஞ்சினின் வெப்ப முள் மெல்ல, அவசரமே இல்லாமல், மேலே ஏறிக்கொண்டிருந்தது.