எந்தக் கதவு திறக்கும்?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வடக்குத் தெரு ரேஷன் கடைக்கு எதிரே, வேப்பமர நிழலில் கூடியிருந்தவர்கள் இவர்கள்.

முதல் வரிசையில் நடு நாற்காலியில் தீயணைப்பு நிலைய அலுவலர் செந்தாமரை. அவருக்கு வலப்பக்கம் பன்னிரண்டாம் நம்பர் வீட்டு உமையாள் ஆச்சி. நாற்காலி ஆடியதால் ஒரு காலுக்கு அடியில் ஓட்டுச்சில்லு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் பல்கீஸ் அக்கா. இன்னும் மூன்று வாரத்தில் குழந்தை பிறக்கப் போகிறது என்பதால் அவருக்கு மட்டும் கை வைத்த நாற்காலி. இரண்டாம் வரிசையில் தெருக்காரர்கள். நாற்காலி போதாமல் ரேணுகாவின் அப்பா முத்துராமன் மரத்தில் சாய்ந்து நின்றார். பிள்ளைகள் எல்லாரும் தரையில் பழைய பிளக்ஸ் பேனரை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஹனிபா தாத்தா மட்டும் வரவில்லை. வீட்டில் கட்டிலில் படுத்திருந்தார். அன்றைக்கு அவர்தான் நோயாளி.

இதையெல்லாம் ரேணுகா நோட்டில் எழுதிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ரேணுகாவுக்கு எதையும் வரிசையாக எழுதி வைத்தால்தான் நிம்மதி. தன் பல் விழுந்த தேதிகளைக்கூட அவள் வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

நடக்கப் போவது ஒத்திகைதான் என்று செந்தாமரை எல்லாருக்கும் விளக்கினார். பதினேழாம் நம்பர் வீட்டு அடுப்படியில் புகை. உள்ளே நடக்க முடியாத ஒருவர். தெருவிலிருந்து ஒருவர் நூற்றி ஒன்றுக்குப் போன் செய்ய வேண்டும். நிலையத்தில் காத்திருக்கும் வண்டி கிளம்பி வரும். எத்தனை நிமிடத்தில் அவரை வெளியே கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, வண்டிக்காரர்களுக்கு யாரும் வழி சொல்லக் கூடாது.

போன் செய்யும் வேலை ரேணுகாவுக்கு. பதினேழாம் நம்பர் அவள் இருக்கும் வீடுதான். பெயர், நடந்தது, வீட்டு எண், தெரு, ஒரு அடையாளம் என்று வரிசை தவறாமல் சொன்னாள். செந்தாமரை தலையை ஆட்டினார். ரேணுகாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழாவது நிமிடம் சைரன் ஊதிக்கொண்டு வண்டி வந்தது. தீயணைப்பு வீரர் வேல்பாண்டி அண்ணன் தாவிக் குதித்து, பதினேழாம் நம்பர் வீட்டின் பெரிய கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினார்.

வேப்பமரத்தடியில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதவு திறந்து நாலு வருடம் ஆகிறது. சாவி சென்னையில் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. வீடோ இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளமான வீடு. முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தில் இருக்கும் கதவுக்கும் பூட்டு. ரேணுகாவின் வீட்டாரும் ஹனிபா தாத்தா வீட்டாரும் இருப்பது பின்பாதியில். வருவதும் போவதும் பின்தெரு வழியாகத்தான்.

ஆனால் யாரும் வழி சொல்லக் கூடாதே! ரேணுகாவின் அப்பா வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அப்போது எங்கோ தூரத்தில் இரண்டு முறை விசில் கேட்டது. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்த ஹனிபா தாத்தா கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்.

"யாரோ நம்மளப் போகச் சொல்றாங்க சார்" என்றார் கூட வந்த இன்னொரு வீரர்.

வேல்பாண்டி தெருவைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினார். பின்தெருவுக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. பின்கதவுகளில் எண்ணும் கிடையாது. எல்லாக் கதவும் ஒரே மாதிரி. ஒரு கதவைத் தட்டியதில் நாய் துரத்தியது. இன்னொரு கதவைத் தட்டியதில் மோர் கொடுத்தார்கள். மூன்றாவதில் ஆளே இல்லை. கடைசியில் விசில் சத்தம் வந்த திசையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

கட்டிலில் படுத்திருந்த ஹனிபா தாத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "வாங்க தம்பி. நான் போய்ச் சேந்து பத்து நிமிசம் ஆச்சு."

வேல்பாண்டி திரும்பி வந்து இதைச் சொன்னதும் தெருவே சிரித்தது. ரேணுகாவும் சிரிக்கத்தான் போனாள். அப்போதுதான் பல்கீஸ் அக்காவைப் பார்த்தாள். தாத்தாவின் மருமகள் அவர். அக்கா சிரிக்கவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு பின்தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேணுகாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. அக்காவின் கணவர் அஸ்பாக் மாமா ஷார்ஜாவில் இருக்கிறார். போன வாரம்தான் வீடியோ காலில் அவர், "அக்காவுக்கு வலி வந்தா எங்க அத்தா பதறிப்போவாரு. நீதான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணணும், சரியா?" என்று கேட்டிருந்தார். அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

"ரேணுகா சொன்ன விலாசத்துல ஒரு தப்பும் இல்ல" என்றார் செந்தாமரை. "ஏழு நிமிசத்துல வந்துட்டோம். அப்புறம் பதினோரு நிமிசம் கதவத் தேடியிருக்கோம்."

ரேணுகா யோசித்தாள். ரேஷன் கார்டில் வடக்குத் தெரு. கேஸ் புத்தகத்தில் வடக்குத் தெரு. பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சிலிண்டர் போடும் அண்ணன் நேரே பின்தெருவுக்குத்தான் வருகிறார், தபால்காரரும் அப்படித்தான். தினமும் வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அவசரத்தில் வருகிறவர்களுக்குத்தான் தெரியாது.

அவள் எழுந்து நின்றாள். "மேடம், எந்த வீட்டுல எந்தக் கதவு திறக்கும்னு எழுதிக் குடுத்தா வண்டியில வச்சுக்குவீகளா?"

"வண்டியிலயும் வச்சுக்குவேன். நூத்தி எட்டு ஆம்புலன்ஸ்காரங்களுக்கும் ஒரு நகல் குடுப்பேன்" என்றார் செந்தாமரை.

ஞாயிற்றுக்கிழமையே ரேணுகா வேலையைத் தொடங்கிவிட்டாள். வடக்குத் தெருவில் மொத்தம் இருபத்திரண்டு வீடு. மூன்று கேள்விகள். எந்தக் கதவு திறக்கும்? உள்ளே எத்தனை பேர்? யாரையாவது தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்குமா?

முதல் பதினோரு வீடு சுலபமாக முடிந்தது. பன்னிரண்டாம் நம்பரில் உமையாள் ஆச்சி கேள்விகளைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கதவு பூட்டியே கெடக்கு, உள்ள ஆள் எத்தனன்னு எழுதிக் குடுக்கணுமாக்கும். இந்த நோட்டு திருடன் கையில கெடச்சா அவனுக்கு எம்புட்டு வசதி?"

ஆச்சி சொன்னதில் தப்பே இல்லை. ரேணுகா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். சாயங்காலம் முழுக்க மூடிய நோட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "ஓட்டுப் பெட்டி!" என்றாள்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் நோட்டிலிருந்த பக்கங்களைக் கிழித்தெறிந்தாள். வீட்டுக்கு ஒரு சீட்டு என்று இருபத்திரண்டு சீட்டு வெட்டினாள். வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதுவாள். அவர் கண் முன்னாலேயே ஓட்டுச் சீட்டு மாதிரி மடித்து, பசை தடவி ஒட்டிவிடுவாள். அதைப் பிரிக்கப் போவது செந்தாமரை மேடம் மட்டும்தான். பின்கதவில் அப்பா மஞ்சள் பெயிண்டில் வீட்டு எண்ணை மட்டும் எழுதுவார். வேறு எதுவும் இருக்காது.

ஒரு வீட்டில் சொன்னதை இன்னொரு வீட்டில் சொல்லவே மாட்டாள். எட்டாம் நம்பர்க்காரருக்கு ஒன்பதாம் நம்பரில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை. முறுக்குக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தார். ரேணுகா முறுக்கை மட்டும் தின்றுவிட்டு வந்தாள்.

புதன்கிழமைக்குள் இருபத்தோரு சீட்டு சேர்ந்துவிட்டது, இருபத்தோரு பின்கதவில் மஞ்சள் எண்ணும் ஏறிவிட்டது. உமையாள் ஆச்சி மட்டும், "பாப்போம், பாப்போம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. ரேணுகா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால், பல்கீஸ் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலடியில் சொம்பு உருண்டு கிடந்தது. முகமெல்லாம் வேர்வை.

அம்மா ஓடிவந்து அக்காவைத் தாங்கிப் பிடித்தார். "ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க, வலி வந்துருச்சு" என்றார். அப்பா வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

ஹனிபா தாத்தா போனை எடுத்தார். எப்படியோ நூற்றி எட்டை அழுத்திவிட்டார். எதிர்முனையில் விலாசம் கேட்டார்கள்.

"நம்பர் பதினேழு, வடக்குத் தெரு..." என்று தொடங்கினார் தாத்தா. ஐம்பது வருடப் பழக்கம்.

ரேணுகா கையை நீட்டினாள். "தாத்தா, குடுங்க. நான் பேசுறேன்."

அவளுக்கு வரிசை மறக்கவில்லை.

"பல்கீஸ் அக்காவுக்குப் பிரசவ வலி. ரெண்டு வாரம் முன்னாடியே வந்துருச்சு. வடக்குத் தெருவுக்குப் போகாதீக, அந்தக் கதவு திறக்காது. தண்ணித் தொட்டிக்கிட்டத் திரும்பி பின்தெருவுக்கு வாங்க. கதவுல மஞ்சப் பெயிண்டுல பதினேழுன்னு இருக்கும்." பிறகு தாத்தாவைப் பார்த்தாள். அவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். "தொட்டிக்கிட்ட ஒரு தாத்தா விசிலோட நிப்பாரு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

தாத்தா நின்றார். "நானா?"

"நீங்கதான். ஒரு விசில்தான் அடிக்கணும் தாத்தா. ரெண்டு அடிச்சா போயிருவாக."

தாத்தா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். அவர் ஓடி ரேணுகா அதுவரை பார்த்ததில்லை.

அவள் பின்கதவை விரியத் திறந்து வைத்தாள். வழியில் நின்ற சைக்கிளை நகர்த்தினாள். கொடியில் காய்ந்த துணியைச் சுருட்டினாள். அக்காவின் ஆஸ்பத்திரிப் பையையும் ஸ்கேன் பைலையும் எடுத்து வாசலில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். அறைக்குள் அக்கா முனகுவது கேட்டது. ஆறு நிமிடம்.

தூரத்தில் சைரன் கேட்டது. அது வடக்குத் தெருப் பக்கம் போவது போலிருந்தது. ரேணுகா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு விசில். நீளமாக.

சைரன் திரும்பியது. பின்தெருவுக்குள் வண்டி நுழைந்தது. பின்னாலேயே ஹனிபா தாத்தா, வண்டிக்குத் தானே கண்டக்டர் என்பது போல, "வரலாம், வரலாம், ரைட்ல வரலாம்" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தார். மஞ்சள் பதினேழுக்கு முன்னால் வண்டி நின்றது. யாரும் எந்தக் கதவையும் தேடவில்லை.

ரேணுகா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். எட்டு நிமிடம்.

சத்தம் கேட்டுப் பின்தெருவே வெளியே வந்திருந்தது. உமையாள் ஆச்சியும் நின்றிருந்தார். ஆம்புலன்ஸ் போன பிறகும் அவர் உள்ளே போகவில்லை. பதினேழாம் நம்பர்க் கதவையும், எண் எழுதாத தன் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு விளக்கு வைத்த நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. அஸ்பாக் மாமா ஷார்ஜாவிலிருந்து போன் செய்தார். "ரேணுகா, ரேணுகா" என்று மட்டும் நாலு தரம் சொன்னார்.

மறுநாள் காலை உமையாள் ஆச்சி தானே பின்கதவு வழியாக வந்தார். கையில் ஒரு தூக்குச் சட்டி நிறையப் பணியாரம். "சீட்டை எடு" என்றார். அம்மாவை அடுப்படிக்குப் போகச் சொல்லிவிட்டு, ரேணுகாவின் காதில் மூன்று பதிலையும் சொன்னார். ரேணுகா எழுதினாள், மடித்தாள், ஒட்டினாள். என்ன சொன்னார் என்பது நமக்கும் தெரியாது.

"எங்கதவுல நம்பர் மட்டும் கொஞ்சம் பெருசா எழுதச் சொல்லு உங்கப்பன" என்று சொல்லிவிட்டுப் போனார் ஆச்சி.

செவ்வாய்க்கிழமை பல்கீஸ் அக்கா குழந்தையோடு வீடு திரும்பினார். அன்று மாலை ரேணுகா தரையில் உட்கார்ந்து செந்தாமரை மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தாள். கீழே பெயர், வகுப்பு, வீட்டு எண் எல்லாம் எழுதி, அதற்கு நேரே "பின்தெரு" என்று அடிக்கோடும் இட்டாள். இருபத்திரண்டு சீட்டையும் எண்ணி உறைக்குள் போட்டாள். பசையை எடுத்தாள்.

பசையைத் தடவப் போனவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

தன் வீட்டுச் சீட்டை மட்டும் வெளியே எடுத்துக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்று எழுதினாள்.

எந்தக் கதவு திறக்கும்? பின்கதவு.

உள்ளே எத்தனை பேர்? ஐந்து இல்லை, ஆறு.

மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் யோசித்தாள். கட்டில் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "யாரையாவது தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்குமா? ஆமாம், ஒருவரை. ஆனால் கஷ்டம் இல்லை. இரண்டரை கிலோதான்."

மறுநாள் காலை ஹனிபா தாத்தாவோடு தபாலாபீசுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "தீயணைப்பு நிலையத்துக்கா? பஸ்ஸுல போனாப் பத்து நிமிசம். இதுக்கு எதுக்குமா ஸ்பீட் போஸ்ட்?"

"அவங்ககிட்டக் கையெழுத்து வாங்கிட்டுத்தானே குடுப்பீக" என்றாள் ரேணுகா. "இது ரகசியம் சார். இருபத்திரண்டு வீட்டு ரகசியம்."

அவர் சிரித்துக்கொண்டே உறையின் ஓரத்தை இன்னொரு முறை அழுத்தி ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். கடிதம் பைக்குள் விழுந்தது.

தாத்தா கழுத்திலிருந்த விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். போகலாம், ரைட்.