அப்பாவின் தோளில் ஒரு கை

அந்தப் படத்தில் ஒரு கை அதிகமாக இருந்தது.

அதை முதலில் பார்த்தவள் துருவி. அது அவளுடைய பள்ளிப் பெயர் அல்ல. எதைக் கண்டாலும் "ஏன், எதுக்கு, எப்படி" என்று துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர்.

துருவியின் அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். சுவர் முழுக்க வெறும் சட்டங்கள் தொங்கும். தரையில் மரத்தூள் மெத்தை போல் கிடக்கும். கண்ணாடி அறுக்கும் கருவியைத் தவிர அங்கே இருக்கும் எதையும் துருவி தொடலாம்.

அந்தச் சனிக்கிழமை அப்பா வெளி வேலை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மேசை மேல் அவருடைய பத்தாம் வகுப்புப் படம் கிடந்தது. எண்பதுகளின் கடைசியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதைக் கதவளவுக்குப் பெரிதாக்கி அச்சடித்து வாங்கி வந்திருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய வகுப்புத் தோழர்கள் எல்லோரும் அதே பள்ளியில் கூடுகிறார்கள். அங்கே இந்தப் படத்தை மாட்ட வேண்டும்.

துருவி படத்தின் மேல் குனிந்தாள்.

"அப்பா, பையன்கள் எல்லாருக்கும் ஏன் தலை ஈரமா இருக்கு? மழையா அன்னைக்கு?"

அப்பாவின் கையில் இருந்த சுத்தியல் அப்படியே நின்றது.

"இத்தனை வருஷத்துல யாருமே இதைக் கேட்டதில்ல" என்றார். "மழை இல்லம்மா. குழாய்த் தண்ணி."

"ஏன்?"

"அப்பல்லாம் காதை மூடுற அளவுக்கு முடி வளர்க்கிறதுதான் ஃபேஷன். தொளதொளன்னு பேகி பேன்ட், பையில ஒரு பாட்டு கேசட், காதை மூடின முடி. இது மூணும் இருந்தாத்தான் மதிப்பு. வகுப்பு போட்டோ எடுக்கிற வரைக்கும் ஒருத்தனும் முடி வெட்டக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிக்கிட்டோம்."

"வீட்டுல எப்படி விட்டாங்க?"

"சலூன்காரர் ஊருக்குப் போயிட்டார்னு சொல்லி வச்சோம்."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க. அப்புறம் ஒருநாள் அவரே எங்க வீட்டுக் கதவைத் தட்டி, 'என்ன தம்பி, கடைப் பக்கமே வரலையே'ன்னு கேட்டுட்டார்."

துருவி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"போட்டோ எடுக்கிற அன்னைக்குக் காலையில டிரில் மாஸ்டர் கத்தரிக்கோலோட கேட்ல நின்னார். முதல்ல மாட்டினவன் டிஜிட்டல்."

"டிஜிட்டல்னா?"

"என் சிநேகிதன். வகுப்புலயே அவன்கிட்ட மட்டும்தான் டிஜிட்டல் வாட்ச் இருந்துச்சு. மணிக்கொரு தடவை பீப் பீப்னு கத்தும். அதனால அந்தப் பேரு. மாஸ்டர் அவன் தலையில, நெத்தியிலேருந்து பின்கழுத்து வரைக்கும் பாதை போட்ட மாதிரி ஒரு வெட்டு வெட்டிட்டார். எல்லார் முன்னாடியும். நாங்க பயந்து குழாய்க்கு ஓடிட்டோம். தண்ணியைத் தொட்டு முடியைக் காதுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டோம்."

"அவரு?"

"அவனுக்கு ஒளிக்க என்ன இருந்துச்சு? சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அதான் இந்தப் படத்துல அவன் இல்ல."

அப்பா மறுபடி சுத்தியலை எடுத்தார். ஆணி வளைந்துபோனது.

டிஜிட்டல் மாமாவைத் துருவி பார்த்ததில்லை. அவர் வெளியூரில் வேலை பார்த்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோனார். அப்பா ரயிலேறிப் போய்விட்டு வந்ததும், பல நாள் பேசாமல் இருந்ததும் மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அதைவிடப் பெரிய சத்தத்தில் ஒரு குரல் வந்தது.

"டேய்! படம் ரெடியா?"

மைக் மாமா. அப்பாவின் வகுப்புத் தோழர். அவர் ரகசியம் பேசினாலே பக்கத்துக் கடைக்காரர் பதில் சொல்வார். ஆனால் உள்ளே வந்ததும் அவர் குரல் இறங்கியது.

"ஒரு சிக்கல்டா. டிஜிட்டலோட மனைவியும் பொண்ணும் நாளைக்கு வர்றாங்க. அந்தப் பொண்ணு போன்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? 'ஸ்கூல் போட்டோல எங்கப்பா எந்த வரிசைல நிக்கிறாரு மாமா?' அவங்க வீட்டுல இருந்த பழைய போட்டோ எல்லாம் ஒரு மழையில நனைஞ்சு போச்சாம். அப்பா சின்ன வயசுல எப்படி இருந்தாருன்னு அது பார்த்ததே இல்லையாம்."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ என்ன சொன்ன?"

"நேர்ல காட்டுறேன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?" மைக் மாமா படத்தின் ஓரத்தைத் தொட்டார். "கடைசி வரிசைல இவன் முகம் கலங்கலா இருக்கு பாரு. இவன்தான் உங்கப்பான்னு காட்டிடுவோம். குழந்தைக்குத் தெரியவா போகுது?"

"அது யாரு மாமா?" என்றாள் துருவி.

"அவன் வாத்து. ஒரு இடத்துல ஆடாம நிக்க மாட்டான். அதான் கலங்கிப்போச்சு."

"வாத்து மாமா நாளைக்கு வருவாரா?"

"வருவானே."

"அவர் முகத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டா, அவர் எங்க போய் நிப்பாரு?"

மைக் மாமா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அது அபூர்வம்.

"எனக்கும் பொய் சொல்ல மனசில்லம்மா" என்றார் அப்பா மெதுவாக. "ஆனா அப்பாவை இழந்த குழந்தைகிட்டப் போய், 'இங்கேயும் உங்கப்பா இல்ல'ன்னு இன்னொரு தடவை எப்படிச் சொல்றது?"

அப்பா வளைந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தார்.

துருவி கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் பழைய செய்தித்தாளைக் கசக்கி எடுத்துக்கொண்டு, படத்தின் அருகில் உட்கார்ந்தாள். வாத்து மாமாவின் கலங்கிய முகத்தைப் பார்த்தாள். அவரிடமிருந்து நகர்ந்து, அதே வரிசையில் பெஞ்சு மேல் நிற்கும் அப்பாவிடம் வந்தாள். ஒல்லியான அப்பா. ஈரத் தலை. இதோ அழுதுவிடுவேன் என்பது போன்ற முகம்.

அந்தத் தோளில் ஏதோ இருந்தது.

சின்னப் படத்தில் சட்டை மடிப்புப் போலத் தெரிந்த ஒன்று. பெரிதாக்கிய படத்தில் அதற்கு விரல்கள் இருந்தன.

"அப்பா, இது யார் கை?"

"எது?"

"உங்க தோள்ல இருக்கிறது."

அப்பா எட்டிப் பார்த்தார். "பக்கத்துல மைக் நிக்கிறானே. அவன் கையா இருக்கும்."

"மைக் மாமா கை கட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவரோட ரெண்டு கையும் தெரியுது. இந்தப் பக்கத்து மாமாவும் கை கட்டியிருக்காரு. எல்லாருமே கை கட்டியிருக்காங்க. அப்ப இது யார் கை?"

மைக் மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அப்பா ஜன்னலை அகலத் திறந்தார். வெளிச்சம் படத்தின் மேல் விழுந்தது.

இரண்டு தோள்களுக்கு நடுவில், பின்னாலிருந்து நீண்டு வந்திருந்தது அந்தக் கை. விரல்கள் அப்பாவின் தோளைப் பற்றியிருந்தன. மணிக்கட்டில் கறுப்பாக, சதுரமாக ஒரு வாட்ச்.

மைக் மாமாவின் குரல் கரகரத்தது. "டேய்... நம்ம வகுப்புல வாட்ச் கட்டினவன் யாருடா?"

அப்பா தன் தோளைத் தானே தொட்டுக்கொண்டார்.

"யாரோ தோளைப் பிடிச்சாங்க" என்றார். "அவன் அப்படிப் போனதை நினைச்சு எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பப் பிடிச்சாங்க. நீதான்னு நினைச்சேன்டா. இவ்வளவு நாளா நீதான்னு நினைச்சுட்டு இருக்கேன்."

"நான் எங்கடா பிடிச்சேன்? கையைக் கட்டுன்னாங்க, கட்டிக்கிட்டு நின்னேன்."

"அப்ப அவன் திரும்பி வந்திருக்கான். தலையைக் காட்ட வெக்கப்பட்டு, பெஞ்சுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னிருக்கான். மறுநாள் மொட்டை அடிச்சுக்கிட்டு வந்து சிரிச்சானே, அப்பக்கூட இதைச் சொல்லலையே!"

"நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடலாமா?" என்றார் மைக் மாமா.

அப்பா தயங்கினார். "அவன் கைதான்னு நிச்சயமா எப்படிச் சொல்றது? தப்பாப் போனா அதைவிடப் பாவம் எதுவும் இல்ல."

துருவி யோசித்தாள்.

"நாம எதுவும் சொல்ல வேண்டாம்ப்பா. கையை மட்டும் காட்டலாம். அவளே பார்த்துச் சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. எங்கு பார்த்தாலும் "டேய்", "வாடா", "ஏய், நீயா!" என்ற குரல்கள். அன்று முடிக்காகச் சத்தியம் செய்தவர்களில் பாதிப் பேர் தலையில் இன்று முடியே இல்லை. வாத்து மாமா இப்போதும் ஓர் இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் மாட்டியிருந்த படத்தின் முன் ஒரு சிறுமி நின்றாள். துருவியின் வயதுதான். இடுப்பு வரை தொங்கும் ஒற்றைப் பின்னல். அவளுடைய அம்மா சற்றுத் தள்ளித் தூணோரம் நின்றிருந்தார்.

சிறுமி முதல் வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு இரண்டாவது வரிசை. பிறகு மூன்றாவது. விரல் மறுபடி முதல் வரிசைக்கு வந்தது.

பெரியவர்கள் ஒவ்வொருவராக அங்கிருந்து நகர்ந்தார்கள். மைக் மாமா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஓரடி முன்னால் வைத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

துருவி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"உங்கப்பாவைத் தேடுறியா?"

சிறுமி தலையாட்டினாள்.

"அவர் முகம் இந்தப் படத்துல இல்ல" என்றாள் துருவி. "ஆனா எங்கப்பா தோள்ல ஒரு கை இருக்கு. அது யார் கைன்னு எங்களுக்கு நிச்சயமாத் தெரியல. நீ பார்த்துச் சொல்றியா?"

சிறுமி விரலைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். ஆனாலும் பார்த்தாள். துருவியின் விரல் காட்டிய இடத்தில், மூக்கு சட்டத்தின் கண்ணாடியில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"அம்மா!" என்று கத்தினாள். "அம்மா, ஓடி வா!"

தன் இடது கையை உயர்த்தினாள். அவள் மணிக்கட்டில், அவளுக்குத் துளியும் பொருந்தாமல், ஒரு பழைய கறுப்பு வாட்ச் தொங்கியது. அது எப்போதோ நின்றுபோயிருந்தது; முகத்தில் எண்கள் ஏதும் இல்லை. பட்டை அறுந்த இடத்தில் ஒரு கம்பி சுற்றியிருந்தது.

படத்தில் இருந்த வாட்சிலும் அதே இடத்தில் அதே கம்பி.

"சைக்கிள் பிரேக் கம்பி" என்றாள் சிறுமி. "ஸ்கூல் படிக்கும்போது நானே கட்டினேன்னு அப்பா சொல்வாரு. புதுப் பட்டை வாங்கவே மாட்டாரு."

அவளுடைய அம்மா படத்துக்கு அருகில் வந்தார். அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாரு?" என்று சிறுமி கேட்டாள்.

துருவி சொன்னாள். கத்தரிக்கோல், தலையில் விழுந்த பாதை, குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள். சிறுமி கேட்டுக்கொண்டே தன் பின்னலை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

"அதான்!" என்றாள். கண்ணீரோடு சேர்ந்து ஒரு சிரிப்பும் வந்தது. "என் முடியில யாரும் கத்தரி வைக்கக் கூடாதுன்னு அப்பா அம்மாவோட சண்டையே போடுவாரு. ஏன்னு சொன்னதே இல்ல."

பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எவ்வளவு மெதுவாக உறிஞ்சினாலும் அது மைக் மாமா என்று எல்லோருக்கும் தெரிந்தது.

மாலையில் புதுப் படம் எடுக்க ஏற்பாடானது. அதே இடம், அதே வரிசை. மரப் பெஞ்சுகள் வந்தன. மாமாக்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியபடி ஏறினார்கள்.

"பார்த்துடா, பெஞ்சு உடையப்போகுது!"

"உன்னைத் தாங்கினா யாரையும் தாங்கும்!"

"எல்லாரும் கையைக் கட்டுங்க!" என்றார் படம் பிடிப்பவர்.

எல்லோரும் சட்டென்று கையைக் கட்டினார்கள். பழைய பழக்கம்.

துருவி சுற்றிலும் பார்த்தாள். அந்தச் சிறுமியைக் காணவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தாள். பெஞ்சுக்குப் பின்னால் தரையில் நின்று, சிறுமி தன் கையை எட்டி, துருவியின் அப்பாவின் தோளுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கதானே எங்கப்பா நின்னாரு" என்றாள்.

"இங்க நின்னா நீயும் தெரிய மாட்ட" என்றாள் துருவி. "மேல ஏறி நில்லு."

அப்பா திரும்பிப் பார்த்தார். கட்டியிருந்த கையைப் பிரித்துக் கீழே நீட்டினார்.

"ஏறி வாம்மா."

மைக் மாமா தள்ளி நின்று இடம் கொடுத்தார். சிறுமி பெஞ்சு மேல் ஏறினாள். இருவருக்கும் நடுவில் நின்று, வாட்ச் கட்டிய கையை அப்பாவின் தோளில் வைத்தாள்.

மைக் மாமா தன் கையைப் பிரித்து, அந்தப் பக்கத்துத் தோழரின் தோளில் போட்டார். அவர் அடுத்தவர் தோளில். வரிசை முழுக்க ஒவ்வொரு கையாகப் பிரிந்தது. வாத்து மாமாகூட ஆடாமல் நின்றார்.

படம் பிடிப்பவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேசாமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

அடுத்த வாரம் அப்பா அந்தப் படத்துக்கும் சட்டம் போட்டார். பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய படத்தின் பக்கத்திலேயே கடைச் சுவரில் மாட்டினார்.

துருவி ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஒவ்வொரு தோளாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். இந்தப் படத்தில் எந்தக் கைக்கும் ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை.