வலது கால் செருப்பு

பிற்பகல் 3.20. ஹவாயின் கபாஆ ஊர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறை. பின்னறையில் காபி போட்டுக்கொண்டு திரும்பிய வெர்னா திகைத்து நின்றாள். மேசைமேல் கைப்பேசி இருந்தது, பர்ஸ் இருந்தது. முப்பத்தெட்டு வீட்டுப் படிவங்கள் அடங்கிய கோப்பைத்தான் காணோம்.

ஐந்து மணிக்குள் அது தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். ஹோனலுலுவுக்குக் கவலையில்லை, அது எப்போதும் பெருநகரப் பகுதிதான். கபாஆ தட்டுத்தடுமாறிப் பத்தாயிரம் தலை தேற்றினால்தான் சிறுநகரப் பகுதி. முப்பத்தெட்டு வீடு குறைந்தால் பட்டியலிலிருந்து ஊர் போய்விடும். கூடவே வெர்னாவின் வேலையும்.

3.35. போலீஸ் சார்ஜென்ட் கிளைட் மொனீஸ் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“யாராச்சும் டூரிஸ்ட்டாத்தான் இருக்கும், அங்கிள்” என்றாள் வெர்னா, அழுகையை அடக்கிக்கொண்டு.

மொனீஸ் தரையைப் பார்த்தார். வெளியே கணுக்கால் வரை செம்மண் சேறு. உள்ளே ஒரு பொட்டுக்கூட இல்லை.

“டூரிஸ்ட்னா ஷூவோட வந்திருப்பான். திருட வந்த எடத்துலயும் செருப்பைக் கழட்டிருக்குன்னா, அது நம்மாளு. வாசல்ல கெடக்குற நீலச் செருப்பு உன்னுதா?”

“ஆமா.”

“ரெண்டுமா? போட்டுப் பாரு.”

வலது செருப்பு தொளதொளவென்றிருந்தது. வார் பிய்ந்த இடத்தில் ரொட்டிப் பையின் வாயை மூடும் பிளாஸ்டிக் கிளிப் மாட்டியிருந்தது.

“ஐயையோ, இது என்னுது இல்ல!”

“அவசரத்துல மாத்திட்டாங்க. இன்னைக்கு யாரு உன்கிட்ட மல்லுக்கு நின்னாங்க?”

“ஆக்னஸ் ஆன்ட்டிதான். மகன் ரொடெல் லாஸ் வேகஸ் போயி ரெண்டு வருஷமாச்சு. அவனையும் சேத்து அஞ்சு பேருன்னு எழுதச் சொன்னாங்க. ஆளு வழக்கமா தூங்குற ஊர்லதான் எழுதணும்னு நாலு போட்டேன்.”

4.05. ஆக்னஸ் தபியோஸ் வீட்டு வாசலில் ஐந்து ஜோடிச் செருப்புகள். நாலில் சேறு. அதில் ஒரு ஜோடியின் வலது, வெர்னாவுடையது. ஐந்தாவது ஜோடி பெரிய ஆண் செருப்பு. கழுவித் துடைத்து வைத்திருந்தது.

“நீங்கதான் எடுத்தீங்க, ஆன்ட்டி” என்றார் மொனீஸ்.

ஆக்னஸ் உள்ளே போனாள். துண்டில் சுற்றிய கோப்பைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டுப் படிவத்தில் நாலை அடித்து ஐந்து என்று எழுதியிருந்தது.

“உடனே கொண்டாந்து வச்சிரலாம்னுதாம்மா நெனச்சேன். நாலுன்னு போட்டா, அவன் இந்த வீட்டுல இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே?”

வெர்னாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. “அங்கயும் அவனை எழுதியிருப்பாங்க, ஆன்ட்டி. ஒருத்தனை ரெண்டு ஊர்ல எழுத முடியாது.”

ஆக்னஸ் பேனாவை வாங்கினாள். ஐந்தைத் தானே அடித்து, நாலு என்று எழுதினாள்.

“கேஸு?” என்று மெல்லக் கேட்டாள்.

“செருப்பு மாறிப்போச்சுன்னு எழுதிக்கிறேன்” என்றார் மொனீஸ்.

4.30. மறுபடி தூறல். படிவக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பிய வெர்னா, ஒரு நிமிடம் நின்றாள். அந்தப் பெரிய செருப்பை நனையாத பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஓடினாள்.