பேசக்கூடாத கூண்டு

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளேன்... 'ஜூ'ல வேலைன்னா சிங்கத்தோட வாயில தலைய விடுறதுன்னு உனக்கு யாரு சொன்னது? அண்ணன்தானே? அவனுக்கு எறும்பப் பார்த்தாலே பயம்!"

செல்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு, மிருகக்காட்சிசாலையின் அந்தப் பச்சைக் கதவை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி உள்ளே போனாள் அவள். கதவில் ஏதோ பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நின்று படித்திருக்கலாம்தான். ஆனால் பயிற்சிக்குச் சேரும் முதல் நாளே தாமதம்... இந்த அழகில் கதவையெல்லாம் எங்கே படிப்பது?

உள்ளே புல்தரை, கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர், ஓரத்தில் உயரமான கோரைப் புல். நடுவில்... உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி போட்ட ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வலைத்துணி. வலது கையின் நுனியில் விரல்கள் இல்லை. சிவப்புத் தலையும் நீண்ட அலகுமாக ஒரு பறவையின் தலை இருந்தது!

"ஐயோ அம்மா!" என்று அவள் அலறப்போனாள். "ஐயோ" வரைக்கும்தான் வந்தது. பறந்து வந்த அந்த அலகு அவள் உதடுகளை 'டப்'பென்று கவ்விக்கொண்டது.

சத்தியமாகக் கவ்வியேவிட்டது. கண்ணை விரித்துப் பார்த்தாள். வலைத்துணிக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் அவளைச் சுட்டெரித்துக்கொண்டிருந்தன. கறுத்த, நீண்ட இமைகளுள்ள கண்கள்... கோபத்தில்கூட இவ்வளவு அழகாக இருக்க இந்தக் கண்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றித் தொலைத்தது.

அலகாலேயே அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, அந்த உருவம் தலைமூடியைக் கழற்றியது. வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடியும் சிவந்த முகமுமாக ஓர் இளைஞன்!

"கதவுல என்ன எழுதியிருக்கு?" கிசுகிசுப்பாகத்தான் கேட்டான். அதிலேயே அத்தனை சூடு.

"அவசரத்துல... பாக்கல."

"'பேசாதே'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதப் படிக்கக்கூட நேரமில்லாம அப்படி என்னங்க அவசரம்?"

"அதுக்காக? முன்னப்பின்ன தெரியாத பொண்ணோட வாயப் பொம்மைய வச்சுக் கவ்வுவீங்களா?"

"கத்தாதீங்க."

"நான் கத்தல. பேசுறேன்!"

"ஓ... இதுக்குப் பேரு பேச்சா?"

நல்லவேளை, பயிற்சி அதிகாரி அம்மாள் அந்தப் பக்கம் வந்தார். இல்லையென்றால் இருவரும் அங்கேயே குடையைப் பிடுங்கி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

"உள்ள இருக்கறது நாரைக் குஞ்சும்மா," என்றார் மேடம். "இயந்திரச் சூட்டுல பொரிச்சது. அதுக்குத் தாய் கிடையாது. மனுஷ முகத்தையும் குரலையும் பழகிட்டா, மனுஷங்கதான் தன் இனம்னு நம்பிடும். அப்புறம் சதுப்பு நிலத்துல விட்டாலும் கூட்டத்தோட சேராது. வேலி ஓரமா நின்னு, எவனாவது வருவானான்னு ஆயுசு முழுக்க வழி பாத்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் இந்த அங்கி, இந்தப் பொம்மைத் தலை. உள்ள போனா வாயத் திறக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

அவள் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஆயுசு முழுக்கவா...?

"புரிஞ்சுது மேடம்."

"நல்லது. இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்."

இருவரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள்.

அவனுக்கு அங்கே 'சைலன்ஸர்' என்று பெயர். போன வருடம் பயிற்சி முடித்து, தற்காலிக வேலையில் இருக்கிறான். இந்தக் குஞ்சு நல்லபடியாகக் கூட்டத்தில் சேர்ந்தால் அவனுக்கு வேலை நிரந்தரம். மதியத்துக்குள் அவளுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. வேறென்ன... 'ரேடியோ'தான்!

பாவம், ரேடியோவின் பாட்டைக் கேளுங்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பெண் அவள். அவளைப் பிடித்துப் பேசக்கூடாத கூண்டுக்குள் நிறுத்தினால்? பொம்மை அலகால் புழுவைக் கொத்திக் காட்டும்போது "சாப்பிடுடி என் தங்கம்" என்று நாக்கு நுனி வரை வரும். குஞ்சு தண்ணீரில் கால் வைத்து உதறும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். விழுங்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே அந்த வலைத்துணிக்குள் இரண்டு கண்களும் சிரித்துக்கொண்டிருக்கும்.

வெளியே வந்து அங்கியை அலசும் தொட்டிக்குப் போனதும் மடை திறந்துவிடும். உள்ளே அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கொட்டுவாள். அவன் துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

"உங்களுக்கு மூச்சு வாங்கவே வாங்காதா?"

"பிடிக்கலன்னா காதப் பொத்திக்கோங்க."

"பிடிக்கலன்னு நான் எப்பச் சொன்னேன்?"

அதோடு நிறுத்திவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவள் வெறும் தண்ணீரைப் போட்டுப் பிழிந்துகொண்டு நிற்பாள். பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை என்றால்... பிடிக்கிறது என்றுதானே? கால் ஓரிடத்தில் நிற்காது. காரணமே இல்லாமல் கிளிக்கூண்டு வரை நடந்து திரும்புவாள்.

ஒரு நாள் மதியம் எல்லாம் தலைகீழானது. வானம் கருகருவென்று திரண்டிருந்தது. இருவரும் அங்கியோடு கூண்டுக்குள் இருந்தார்கள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடி என்றால் உயிர் போய் உயிர் வரும். வெளியே ஓடிவிடலாமா என்று நினைக்கும்போதே தலைக்கு மேல் வானம் பிளந்தது. பொம்மை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்... காதைப் பொத்திக்கொண்டு சேற்றிலேயே சுருண்டுவிட்டாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"பயப்படாத... நான் இருக்கேன்ல!"

குரல். மனிதக் குரல். அவனுடைய குரல்!

குஞ்சு சட்டென்று தலையைத் தூக்கியது. குரல் வந்த திசையைப் பார்த்தது. தயங்கித் தயங்கி அவனை நோக்கி நடந்தது. அவன் கல்லாய்ச் சமைந்து நின்றான். ஒரு வருடமாக இந்தக் கூண்டில் ஒரு தும்மல்கூடப் போடாதவன் அவன்.

மழை ஊற்ற ஊற்ற அவன் நேராக மேடத்தின் அறைக்குப் போனான். நடுக்கம் அடங்கியதும் அவளும் பின்னாலேயே ஓடினாள். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் ஓடினாள். ஆனால் வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"அத நான் சொல்லியிருக்கவே கூடாது மேடம். வாய் தவறி வந்துடுச்சு. அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது."

அர்த்தமும் கிடையாதா...? நெஞ்சில் யாரோ நறுக்கென்று கிள்ளியது போலிருந்தது. சேற்றில் சுருண்டு கிடந்தபோது காதில் விழுந்த அந்த வார்த்தையைத்தானே இவ்வளவு நேரமும் அவள் மனசுக்குள் பொத்தி வைத்திருந்தாள்!

ஆனாலும் அவன் போன பிறகு உள்ளே போய் உண்மையைச் சொன்னாள். "நான் பயந்ததாலதான் மேடம்... தப்பு என்னோடது."

"ஆளாளுக்குத் தப்பு என்னோடதுன்னு ஓடி வர்றீங்களே, நான் என்ன ப்ரைஸா கொடுக்கறேன்?" என்று அலுத்துக்கொண்டார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மழை விட்டதும் ஒரு சோதனை வைக்கணும். அதே ஆள், அதே வார்த்தையை, அங்கி இல்லாம வேலிக்கு வெளிய நின்னு சொல்லணும். குஞ்சு பயந்து ஓடினா தப்பிச்சுது. குரலத் தேடிக்கிட்டு வந்தா... அதுக்குக் கூண்டுதான் கதி. அவனுக்கும் இங்க வேலை கிடையாது."

"ஓடிட்டா மேடம்?"

"குஞ்சு சதுப்பு நிலத்துக்குப் போகும். அவனும் கூடவே போவான். காவலுக்கு. மழைக்காலம் முடியற வரைக்கும் அங்கதான்."

கூட்டிக் கழித்துப் பார்த்தால் எப்படியும் அவன் இங்கே இருக்கப்போவதில்லை. போகட்டுமே! எனக்கென்ன வந்தது? அர்த்தமில்லாத ஆள்தானே?

மழை விடவில்லை. பாழாய்ப்போன மழை, அடுத்த நாளும் விடவில்லை, அதற்கடுத்த நாளும் விடவில்லை. சோதனை முடியும் வரை அவன் உள்ளே போகக்கூடாது என்பதால், அவள் தனியாகக் கூண்டுக்குப் போய் வந்தாள். சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அண்ணனின் அலுவலகத்தில் இடம் காலியாக இருக்கிறது, பேசாமல் வந்துவிடு என்று அம்மா போனில் சொன்னபோது, "வந்துடறேம்மா" என்று சொல்லிவிடப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தீவன அறை வாசலில் அவன் எதிர்ப்பட்டான். முகம் வாடிக் கிடந்தது.

"சாப்டீங்களா?"

"ஏன், அந்தக் கேள்விக்காவது ஏதாவது அர்த்தம் இருக்கா?"

அவன் திகைத்துப் பார்த்தான். அவள் விருட்டென்று நடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை... சரி, மூலை திரும்பும்போது ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

ஒரு வழியாக வெயில் எட்டிப்பார்த்தது. அங்கிக்குள் புகுந்து, குஞ்சுக்குப் பக்கத்தில் நின்று புல்லைக் கொத்திக்கொண்டிருக்க வேண்டியது அவள் வேலை. இடத்தை விட்டு அசையக்கூடாது, அவன் பக்கம் பார்க்கக்கூடாது. மேடம் கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

வேலிக்கு வெளியே அவன் வந்தான். சாதாரணச் சட்டை, திறந்த முகம். குஞ்சு ஓட வேண்டும் கடவுளே, அவன் வேலை போகக்கூடாது... ஓடிவிட்டால் அவன் போய்விடுவானே... இரண்டு வேண்டுதலும் அவளுக்குள் ஒன்றையொன்று பிறாண்டின.

"பயப்படாத..." குரல் உடைந்தது. ஒரு தடவை எச்சிலை விழுங்கிக்கொண்டான். "நான் இருக்கேன்ல."

குஞ்சு கழுத்தை நீட்டியது. ஓர் அடி முன்னால் வைத்தது. திடீரென்று குஞ்சு கரகரவென்று ஓர் எச்சரிக்கைக் கத்தல் கத்திவிட்டு, இறக்கையை விரித்துக்கொண்டு கோரைப் புல்லுக்குள் ஓடி மறைந்தது!

ஓடிவிட்டது! மனிதனைக் கண்டு ஓடிவிட்டது! துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் திக்கென்றது. பொம்மை அலகு வேலிக் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தது. எப்போது நடந்தாள்? எப்படி வேலி வரைக்கும் வந்தாள்? அவளுக்கே தெரியவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் கண்கள் நனைந்திருந்தன. அவளும் பேச முடியாது, அவனும் பேச முடியாது.

மேடம் கதவைத் தட்டி அவளை வெளியே கூப்பிட்டார். அவனும் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"குஞ்சு பாஸ்," என்றார். "ஃபெயிலானது நீதான்மா. குரலத் தேடிப் போகுதான்னு குஞ்சச் சோதிக்க உன்னப் பக்கத்துல நிறுத்தினா, நீ நேரா வேலி வரைக்கும் போறியே!" சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அவள் தலைமூடியைக் கழற்றினாள். முகம் காது வரை சிவந்திருந்தது.

"அர்த்தமே கிடையாதுன்னு சொன்னீங்கல்ல..."

"அதக் கேட்டுட்டுத்தான் இத்தனை கோவமா?" அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மேடம்கிட்ட வேற என்னங்க சொல்றது? அந்தப் பொண்ணு நடுங்கறதப் பாத்ததும் குஞ்சு, வேலை, சட்டம் எல்லாம் மறந்துபோச்சுன்னா? உங்களையும் சேத்து வெளிய அனுப்பியிருப்பாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்..."

"எங்க சொல்ல விட்டீங்க? சாப்டீங்களான்னு கேட்டதுக்கே கடிச்சுத் துப்பினீங்களே!" அவள் கையிலிருந்த தலைமூடியை வாங்கிக்கொண்டான். "வாயத் திறக்காம இருக்கறது எனக்கு ஒரு நாளும் கஷ்டமா இருந்ததில்ல. நீங்க வந்தப்புறம்தான்... உள்ள நிக்கற நேரமெல்லாம், எப்ப வெளிய வருவோம், எப்பப் பேசுவீங்கன்னு தவிச்சுக்கிட்டு நிக்கறேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்குங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்கு நான் சதுப்பு நிலத்துக்குப் போகணும். சொல்லாமப் போனா அங்க எனக்கு நிம்மதி இருக்காது."

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. கோபமும் சேர்ந்தே முட்டியது.

"சொல்லிட்டுக் கிளம்பிப் போறீங்களே, அப்ப என் நிம்மதி? மழை முடியற வரைக்கும் நான் இங்க எப்படி இருக்கறதாம்?"

"போகாதன்னு சொல்லுங்க... இருந்துடறேன்."

அவள் கதவைப் பார்த்தாள். உள்ளே, கோரைப் புல்லுக்குள் குஞ்சு கூப்பிடும் சத்தம் கேட்டது. அதன் கூட்டம் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க இவனை விட்டால் ஆளில்லை.

"போங்க," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அத நல்லபடியாச் சேத்துட்டு வாங்க. நானும் அண்ணன் ஆஃபீஸுக்குப் போகமாட்டேன், இங்கயே இருப்பேன். எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. வேலி வரைக்கும் வந்தப்புறம் இத வேற வாய்விட்டுச் சொல்லணுமா, மடையா?"