பிடித்தும் விட்ட பந்து

ஆட்டம் முடிந்ததும் மாசிலாமணி வழக்கம்போல் பிடரியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, எண்ணியைக் கழற்றி, பல்செட்டை ஊறப்போடுவதுபோல் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டான். செவ்வாயின் செந்திடல் நகரத்தில் பேஸ்பால் ஆடுகிற எல்லோருக்கும் எண்ணி உண்டு. எறிந்த வேகம், ஓடிய தூரம், பிடித்த பந்து, விட்ட பந்து எல்லாவற்றையும் அது பதிவகத்துக்கு அனுப்பும். பதிவகம் அவற்றைப் பார்வையாளர்கள், ஆட்டக்காரர்கள் எல்லோருடைய கண்வில்லைகளிலும் எண்களாக ஓடவிடும். நடுவர்களை எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோப்பையை வென்ற அணியின் உடைமாற்றும் அறை ஏன் இப்படி வாயடைத்துக் கிடக்கிறது என்று யோசித்துக்கொண்டேதான் அவன் பதிவைத் திறந்தான். அவன் பெயருக்கு எதிரே, ‘கடைசிப் பந்து: தவறவிட்டது’ என்றிருந்தது. அந்தப் பந்தில் அவன் அணி தோற்றிருந்தது.

தவறவிட்டானா? மைதானத்தின் எல்லை மதிலைத் தாண்டவிருந்த பந்துக்கு அவன் எம்பியபோது, செவ்வாயின் மெலிந்த ஈர்ப்பு அவனை இரண்டு மாடி உயரம் தூக்கியது. கண்ணாடிக் கூரைக்கு அப்பால் சூரியன் நீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பை முறுக்கி, முதுகுப்புறமாகக் கை நீட்டிப் பிடித்தான். வாழ்நாளில் அப்படியொரு பந்தை அவன் பிடித்ததில்லை. அப்போது பிடரி மதிலில் மோதியது. எண்ணி ஒரு நொடி செத்திருக்க வேண்டும்.

“பந்து கையில இருந்துச்சும்மா!” என்றான் பதிவக அதிகாரி அமுதவல்லியிடம்.

“கீழ விழுந்ததை எடுத்திருக்கலாமே சார்? ஆனா திருத்த விதி இருக்கு. நேர்ல பார்த்த மனுஷர் ஒருத்தர் வந்து சொன்னாப் போதும்.”

அவனுக்கு உயிர் வந்தது. “ஒருத்தர் என்னம்மா, அரங்கமே நிரம்பி வழிஞ்சுதே!”

முதலில், தன் அணிக்காகப் பந்தெறிந்த ஜெபராஜைத் தேடிப் போனான். “நாம ஜெயிக்கிற வாய்ப்பு ஏறி ஏறி இறங்குச்சுண்ணே. அதைத்தான் பார்த்துட்டு இருந்தேன்” என்றான் அவன். பந்தை அடித்த எதிரணிக்காரன், அது போன தூரத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். தீவிர ரசிகரான ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க சராசரி சரிஞ்சதைப் பார்த்து அழுதுட்டேன் தம்பி.”

கடைசியில் பூங்கோதையிடம் கேட்டான். மனைவிக்கென்று முதல் வரிசையில் இடம் வாங்கிக் கொடுத்திருந்தான்.

அவள் தலை குனிந்தாள். “உங்க நெஞ்சுத்துடிப்பு எகிறிக்கிட்டே போச்சுங்க. பயந்துபோய் அந்த நம்பரையே பார்த்துட்டு இருந்தேன்.”

அவனுக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் பதிவகத்துக்கு ஒரு சாட்சி தானாகவே வந்தது. அரங்கத்தில் சுண்டல் விற்கும் பழைய இயந்திரம். பதிவகத்தின் எண்களைப் பெறும் வசதி அதற்குப் பொருத்தப்படவில்லை.

“நான் பார்த்தேன். பிடித்தார்” என்றது.

“எவ்வளவு உயரத்துல?” என்றாள் அமுதவல்லி.

“தெரியாது. பார்த்துக்கொண்டே பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டேன்.”

அமுதவல்லி திருத்த விதியை மறுபடி படித்தாள். பிறகு, “மனுஷங்க சாட்சிதான் செல்லும்” என்றாள் மெதுவாக. அன்று மாலையே அணி அவனை நீக்கியது. அடுத்த மாதம் முதல் பனிச்சுரங்கத்தில் வேலை.

அவன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மகள் இசை ஓடிவந்தாள். போர்வையைத் தோளில் கட்டியிருந்தாள்.

“அப்பா, ஸ்கூல் நாடகத்துல நான்தான் ராணி! நான் கையைத் தூக்கினதும் எல்லாரும் கப்சிப்! செஞ்சு காட்டவா?”

ஒரு கையை உயர்த்தி, முகவாயை நிமிர்த்தி நின்றாள்.

செருப்பைக் கழற்றக் குனிந்திருந்த மாசிலாமணி நிமிராமலே கேட்டான்: “எத்தனை மார்க் போட்டாங்க?”

கேட்ட பிறகுதான் தன் குரல் அவன் காதில் விழுந்தது. பதறி நிமிர்ந்தான். உயர்ந்திருந்த கை இறங்கிவிட்டிருந்தது.

“பத்துக்கு ஏழுப்பா.”

“அது கெடக்கட்டும் கண்ணு. செஞ்சு காட்டு. அப்பா பார்க்கறேன்.”

“வேணாம்ப்பா” என்று போர்வையின் முடிச்சை அவிழ்த்தாள் இசை. “ஏழுதானே.”