பின்கதவுக் கண்ணாடி

“செய்யாத தப்புக்கு நான் கையெழுத்துப் போடணுமா? உசுரே போனாலும் போட மாட்டேன் சார்!”

அறைந்தாற்போல மேசைமேல் அந்தக் காகிதத்தை வைத்தாள் கம்பெனிக் கார் ஓட்டும் பெண். விபத்துக்குத் தானே பொறுப்பு என்று அவள் பெயரில் முதலாளி எழுதிவைத்த வாக்குமூலம். போடாவிட்டால் வேலை போகும். போட்டால் லைசென்ஸோடு மானமும் போகும்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் விபத்து வண்டிகளின் சேதத்தை ஆராயும் வாகன சர்வேயர்; நிதானமாக விசாரித்தார். கம்பெனியின் வெள்ளைக் கார் ஒன்று தபால்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. இடது பின்கதவுக் கண்ணாடி நொறுங்கியதைக் கடைக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார்; நம்பரைக் கவனிக்கவில்லை. அதே மாதிரி கார் கம்பெனியில் இரண்டு. ஒன்றை இவள் ஓட்டுகிறாள், மற்றதை முதலாளியின் மருமகன். இன்று இரண்டிலும் கண்ணாடி முழுசாக இருக்கிறது. இவள்தான் இடித்துவிட்டுக் கமுக்கமாக மாற்றிவிட்டாள் என்பது முதலாளியின் கட்சி.

மூவரும் கம்பெனி ஷெட்டுக்குப் போனார்கள்; மூன்றாவது ஆள் சர்வேயரின் மைத்துனன், எதிலும் முந்திக்கொள்கிறவன். முதலாளியும் மருமகனும் அங்கே காத்திருந்தார்கள்.

“உங்க வண்டியில கண்ணாடி ஏதாவது மாத்தினீங்களா?” என்று மருமகனைக் கேட்டார் சர்வேயர்.

“ஷோரூம்ல இருந்து வந்தது அப்படியே இருக்கு. அவ வண்டியைப் பாருங்க சார்.”

அதற்குள் மைத்துனன் இரண்டு கார்களையும் சுற்றிவந்து, கண்ணாடி மூலைகளில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்துவிட்டான்.

“கண்ணாடி செஞ்ச வருஷத்தோட கடைசி எண் எல்லாத்துலயும் எட்டுதான் மாமா. ரெண்டு வண்டியும் அந்த வருஷத்துதுதான். போச்சு!”

மருமகன் சிரித்தான். ஓங்கி ஒன்று வைக்கலாம் போன்ற சிரிப்பு அது.

“அவசரக்குடுக்கை! எட்டுக்குப் பக்கத்துல புள்ளி இருக்கே, அதை எண்ணினியா? இந்தக் கண்ணாடிக்காரங்க எத்தனையாவது மாசம் செஞ்சாங்களோ அத்தனை புள்ளி வைப்பாங்க” என்றார் சர்வேயர்.

அவள் காரில் எல்லாக் கண்ணாடியிலும் மூன்று புள்ளி. மருமகன் காரிலும் மூன்றுதான், இடது பின்கதவைத் தவிர. அங்கே ஒன்பது.

சர்வேயர் அந்தக் காரின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த தகட்டைக் காட்டினார். “இந்த வண்டி தயாரானது நாலாம் மாசம். ஒன்பதாம் மாசம் செஞ்ச கண்ணாடி இதுல ஷோரூம்லயே எப்படி வந்துச்சு? பழைய சாமான் கடையில வருஷம் பார்த்துத் தேடிப் பிடிச்சிருக்கீங்க தம்பி. புள்ளியில கோட்டை விட்டுட்டீங்க.”

மருமகனின் முகம் வெளுத்தது. முதலாளி தொண்டையைச் செருமினார். “குடும்ப விஷயம்மா. நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். நாளைக்கே வேலைக்கு வந்துடு.”

அவள் கையோடு கொண்டுவந்த வாக்குமூலக் காகிதத்தைக் கார்மேல் விரித்து, தன் பெயரை அடித்து, மருமகனின் பெயரை எழுதினாள். பேனாவை அவனிடம் நீட்டினாள்.

“தபால்காரர் இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்கார். போடுங்க கையெழுத்து.”